4.5 லட்சத்துக்கு போலோ ஜிடி கிடைக்குதே... முதல் காரா வாங்கலாமா?



வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆச்சு. டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸும் எடுத்தாச்சு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கு. புது கார் விலையைப் பார்த்தா எட்டு லட்சம், பத்து லட்சம்னு போகுது. அப்போதான் செகண்ட் ஹேண்ட் கார் ஆப்பில் ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கண்ணில் படும். 2015 மாடல், 70,000 கிலோமீட்டர், விலை 4.5 லட்சம். "இந்தக் காசுக்கு ஏதோ ஒரு சாதாரண வண்டி வாங்குறதுக்கு, இதையே எடுத்துடலாமே?" என்று மனசு கேட்கும்.

நியாயமான கேள்விதான். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். அது நல்ல கார். ஆனா அது உங்க ரெண்டாவது காரா இருக்கட்டும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத ஒருத்தர், மாசச் சம்பளத்தை நம்பி, முதல் காராக அதை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணங்களைக் கணக்கோடு பார்ப்போம்.

போலோ ஜிடி-யை ஒரு உதாரணத்துக்குத்தான் எடுத்திருக்கேன். ஃபியட் அபார்த் புன்டோ, ஸ்கோடா லாரா, பழைய ஹோண்டா சிவிக் என்று நீங்க ஆசைப்படுற வண்டி எதுவா இருந்தாலும், கணக்கு போடுற முறை இதேதான்.

காரில் என்ன குறை?

பெரிசா ஒண்ணும் இல்லை. அதை ஒத்துக்கிட்டுத்தான் பேசணும். 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சறுக்கும்போது வண்டியை நேர்படுத்துற இஎஸ்பி அப்பவே இருந்தது. இந்தியாவில் தயாரான போலோ, ரெண்டு ஏர்பேக்கோட குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 ஸ்டார் வாங்கின வண்டி. கதவைச் சாத்தும்போது கேட்கிற அந்த "தப்" சத்தத்துக்காகவே இதை விரும்புறவங்க உண்டு.

"பழைய ஸ்போர்ட்டி கார்னா ஆபத்து" என்று பெரியவங்க சொல்றதை அப்படியே நானும் சொல்ல மாட்டேன். இதே விலைக்குக் கிடைக்கிற பல வண்டிகளைவிட இதோட கட்டுமானம் உறுதியானது. பிரச்சனை வேற இடத்தில் இருக்கு.

விலை இறங்கும், பில் இறங்காது

இந்தக் கார் அறிமுகமானபோது எக்ஸ்-ஷோரூம் விலையே சுமார் 8 லட்சம். பத்து வருஷம் ஓடினதும் விலை பாதியா இறங்கிடுச்சு. ஆனா இதோட கியர்பாக்ஸ், டர்போ, சென்சார், ஹெட்லைட், சஸ்பென்ஷன் எதுவும் பாதி விலைக்கு இறங்கலை. வருஷா வருஷம் ஏறித்தான் இருக்கு. நீங்க கொடுக்கிறது பழைய காரின் விலை. கட்டப்போறது எட்டு லட்ச ரூபாய் காரின் பில். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பாங்களே, அதுதான்.

இந்த மாடலில் எல்லாரும் பயப்படுற பாகம் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இதில் ரெண்டு டிரை கிளட்ச் இருக்கு. அதை இயக்க 'மெக்கட்ரானிக்' என்ற ஒரு கம்ப்யூட்டர் யூனிட். டிஎஸ்ஜி கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைச்சது. எல்லா வண்டியிலும் இது போகும்னு சொல்ல முடியாது. ஆனா வாரன்ட்டி முடிஞ்ச வண்டியில் மெக்கட்ரானிக் போச்சுன்னா, பில் லட்சத்தைத் தாண்டுறது சகஜம்.

புது டிரைவருக்கு இது இன்னும் முக்கியம். ஓஎம்ஆர் சாயங்கால டிராஃபிக்கில் அடிக்கு அடி நகர்றது, மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காம ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்கிறது, இதெல்லாம் கத்துக்கிட்டிருக்கிற எல்லாரும் செய்றதுதான். டிரை கிளட்ச் சூடாகித் தேயுறதும் இதனாலதான். பழகுற செலவு சாதாரண மேனுவல் வண்டியில் ஒரு கிளட்ச் செட்டோட முடியும். இதில் அப்படி முடியாது.

இன்சூரன்ஸ் உங்களை எச்சரிக்காது

பிரிட்டனில் இருபது வயசுக்காரர் ஒருத்தர் லைசென்ஸ் வாங்கின கையோட டர்போ கார் வாங்கினா, இன்சூரன்ஸ் பிரீமியம் தாறுமாறா ஏறும். பல பேர் அந்தக் கொட்டேஷனைப் பார்த்தே ஆசையைத் தள்ளிப் போடுவாங்க. அதுபோக, லைசென்ஸ் வாங்கின முதல் ரெண்டு வருஷத்துக்குள் 6 பெனால்டி பாயின்ட் சேர்ந்தா அங்கே லைசென்ஸே ரத்தாகும்.

நம்ம ஊரில் அந்த மணி அடிக்காது. தேர்டு பார்ட்டி பிரீமியம் இன்ஜினோட சிசி-யை மட்டும்தான் பார்க்கும். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இப்போ இந்த மூணு வண்டியையும் பாருங்க:

- பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல்: 1197 சிசி, சுமார் 84 பிஎஸ்
- போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1197 சிசி, 105 பிஎஸ்
- அபார்த் புன்டோ: 1368 சிசி, 145 பிஎஸ்

மூணுக்கும் அதே 3,416 தான். ஓட்டுறவர் இருபது வருஷ அனுபவசாலியா, போன மாசம் லைசென்ஸ் வாங்கினவரா என்ற கேள்வியே அங்கே இல்லை. ஓன் டேமேஜ் பிரீமியமும் பெரும்பாலும் காரின் மதிப்பு, வயசு, சிசி, ஊர் இவற்றை வைத்துத்தான் வரும். "பிரீமியம் கம்மியாத்தானே இருக்கு, அப்போ ரிஸ்க்கும் கம்மி" என்று நினைச்சுடாதீங்க. ரிஸ்க் அப்படியேதான் இருக்கு. அதற்கு விலை போட்டுக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கிளெய்ம் போட்டா என்ன கிடைக்கும்?

"அதான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே" என்று சொல்றவங்களுக்காக இந்தப் பகுதி.

ஒண்ணு, தேய்மானம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. உலோக பாகங்களுக்கு, கார் 5 முதல் 10 வயசு வரை 40%, 10 வயசைத் தாண்டினா 50%. பத்து வயசு தாண்டின வண்டியில் பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் என்று பாகங்களுக்கு மட்டும் 80,000 ரூபாய் பில் வந்தா, 40,000 உங்க கையிலிருந்து போகும். கட்டாயக் கழிவு 1,000 தனி. ஜீரோ டெப் போட்டுக்கலாமேன்னா, அது பெரும்பாலும் 5 வயசு வரைக்கும்தான். சில கம்பெனிகள் 7 வயசு வரை தருவாங்க. இந்த வயசு வண்டிக்குக் கிடைக்கிறது கஷ்டம்.

ரெண்டு, ஐடிவி. பாலிசியில் காருக்குப் போட்டிருக்கிற மதிப்புதான் ஐடிவி. ரிப்பேர் செலவு ஐடிவி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினா, அந்த வண்டியை டோட்டல் லாஸ் கணக்கில் எடுத்துக்குவாங்க. ஐடிவி 3.5 லட்சம் என்றால் அந்த எல்லை 2,62,500 ரூபாய். முன்பக்கம் ஒரு நடுத்தர மோதல், ரேடியேட்டர், இன்டர்கூலர், ரெண்டு ஹெட்லைட், வெடிச்ச ரெண்டு ஏர்பேக், டேஷ்போர்டு என்று கூட்டிப் பாருங்க. எட்டு லட்ச ரூபாய் காரின் பாக விலையில் இந்த எல்லையைத் தொடுறது பெரிய விஷயமே இல்லை. கார் போயிடும், ஐடிவி கைக்கு வரும். கடன் போட்டு வாங்கியிருந்தா மிச்ச இஎம்ஐ மட்டும் கூடவே இருக்கும்.

மூணு, நோ கிளெய்ம் போனஸ். அது காரோட வராது, ஆளோட போகும். பழைய ஓனர் 50% வச்சிருந்தாலும் அதை அவர் தன் அடுத்த காருக்குக் கொண்டு போயிடுவார். முதல் முறை வாங்குற நீங்க பூஜ்யத்தில்தான் ஆரம்பிப்பீங்க. சின்னச் சின்ன கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டா, அடுத்த வருஷம் வரவேண்டிய முதல் 20 சதவீதமும் வராது. அதனால் டிங்கரிங், பெயிண்டிங் செலவைப் பெரும்பாலும் நீங்களே கையிலிருந்து கொடுப்பீங்க. முதல் வருஷம் கேட்டிலோ தூணிலோ ஷேர் ஆட்டோவிலோ உரசாம ஓட்டினவங்க ரொம்பக் குறைவு.

ஓட்டுற கையும் காலும்

பணத்தைவிடப் பெரிய விஷயம் இது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டு மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நாம தப்பு பண்ணினா அவர் மிதிச்சுடுவார். நாம ஓட்டுறதா நினைச்ச பாதி தூரம் அவர் ஓட்டினதுதான். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் அந்த ரெண்டாவது பிரேக் இல்லை.

சாதாரண இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா, சத்தம் முதல்ல ஏறும், வேகம் கொஞ்சம் பின்னாடி வரும். யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். டர்போ வண்டியில் 1500 ஆர்பிஎம்-லேயே முழு டார்க்கும் வந்துடும். உள்ளே சத்தமும் பெரிசா கேட்காது. 60-ல் போறதா நினைச்சுக்கிட்டு 80-ல் போயிட்டிருப்பீங்க. வேகம் மூணில் ஒரு பங்குதான் கூடியிருக்கு. ஆனா பிரேக் பிடிச்ச இடத்திலிருந்து வண்டி நிற்கிற தூரம், வேகத்தின் வர்க்கத்தோட சேர்ந்து ஏறுது. கணக்குப்படி 78% அதிகம். ஜிஎஸ்டி ரோட்டில் முன்னாடி போற லாரி இண்டிகேட்டர் போடாம லேன் மாறும்போது, அந்த 78 சதவீதம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

தூரத்தைக் கணிக்கிறது, கண்ணாடி பார்க்கிறது, எதிரே வர்றவன் என்ன செய்யப்போறான்னு முன்கூட்டியே ஊகிக்கிறது, இதெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் வரும். கியர்பாக்ஸ் சூடு, டர்போ, பழைய சஸ்பென்ஷன், வர்க்‌ஷாப் பில் என்று இன்னொரு பாடத்தையும் அதே வருஷத்தில் சேர்த்துக்க வேண்டாமே.

மாசக் கணக்கு

கைக்கு வர்ற சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் சென்னையில் லிட்டர் சுமார் 101 ரூபாய். கீழே இருக்கிற சர்வீஸ், இன்சூரன்ஸ், ரிப்பேர் தொகைகள் நான் வைத்த அனுமானம். உங்க வண்டிக்கு ஏற்ப மாத்திக்குங்க.

போலோ ஜிடி டிஎஸ்ஐ (நகரத்தில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர்):

- பெட்ரோல்: 7,350
- இன்சூரன்ஸ்: 1,000
- சர்வீஸ், டயர்: 1,500
- ரிப்பேர் நிதி: 5,000
- மொத்தம்: 14,850

ரிப்பேர் நிதி 5,000 அதிகமா தெரியலாம். ரெண்டு வருஷத்தில் அது 1.2 லட்சம். ஒரு கியர்பாக்ஸ் வேலைக்கே அது சரியா இருக்கும்.

இதோட கடன் வேற. பத்து வயசுக் காருக்குப் பல வங்கிகள் கார் லோன் தர யோசிப்பாங்க, அதனால் பல பேர் பர்சனல் லோன் பக்கம் போயிடறாங்க. 1 லட்சம் கையிலிருந்து போட்டு, 3.5 லட்சம் கடன், 14% வட்டி, 3 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 11,960. வட்டி மட்டும் 80,000-க்கு மேல். எல்லாம் சேர்த்து மாசம் 26,810. சம்பளத்தில் கிட்டத்தட்ட 45%. வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், டேர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் மிச்சத்தில்தான். ஒரு மாசம் கியர்பாக்ஸ் படுத்தா முதலில் நிற்கப்போறது எஸ்ஐபி-தான்.

அப்போ என்ன வாங்கலாம்?

போலோதான் பிடிச்சிருக்கா? சாதாரண போலோவையே வாங்குங்க. 2018-க்கு அப்புறம் வந்த 1.0 லிட்டர் எம்பிஐ, 76 பிஎஸ், மேனுவல் கியர், டர்போ இல்லை, டிஎஸ்ஜி இல்லை. அதே உடம்பு, அதே ரெண்டு ஏர்பேக், அந்த "தப்" சத்தமும் அதே. 999 சிசி என்பதால் தேர்டு பார்ட்டி பிரீமியமும் 2,094 தான். ஜிடி-க்குச் சொல்ற விலையை ஒட்டியே, அதைவிட மூணு வயசு இளைய வண்டி தேடினால் கிடைக்கும். ஹைவேயில் ஓவர்டேக் பண்ணத் திட்டம் போடணும், அது உண்மைதான். புது டிரைவருக்கு அது நல்ல பழக்கம்.

இதுக்கு அதே கணக்கு: பெட்ரோல் 5,770 (லிட்டருக்கு 14 கிலோமீட்டர்), இன்சூரன்ஸ் 800, சர்வீஸ் 1,000, ரிப்பேர் நிதி 2,000. மொத்தம் 9,570. மாசம் 5,280 மிச்சம். ரெண்டு வருஷத்தில் 1.26 லட்சத்துக்கு மேல். அதே கடனைப் போட்டா இதுவும் சம்பளத்தில் 36% வரும், அதுவும் கனம்தான். அதனால் இன்னும் ஆறு மாசம், எட்டு மாசம் சேர்த்துட்டு, கடனைப் பாதியாக்கிட்டு வாங்குங்க.

கொஞ்சம் துடிப்பு வேணும்னா ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக் மேனுவல் ஒரு நல்ல நடுவழி. 118 பிஎஸ் அளவுக்கு பவர் இருக்கு, ஆனா இன்ஜினை உயர்ந்த ஆர்பிஎம்-க்குக் கொண்டு போனாத்தான் வெளியே வரும். மெதுவா ஓட்டினா சாதுவா இருக்கும். பழைய ஹோண்டா வாங்குறவங்க ஒண்ணை மட்டும் மறக்கக் கூடாது. டகாட்டா ஏர்பேக் கோளாறுக்காக ஹோண்டா பல மாடல்களைத் திரும்ப அழைச்சு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. நீங்க பார்க்கிற வண்டியில் அந்த வேலை நடந்திருக்கானு சேசிஸ் நம்பரை வைத்து விசாரிச்சுடுங்க.

எந்த வண்டியானாலும் ஏபிஎஸ், ரெண்டு ஏர்பேக் இல்லாம வாங்காதீங்க. டிரைவர் ஏர்பேக் எல்லா புது காரிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு 2022 ஜனவரியில்தான். அதுக்கு முந்தைய வண்டிகளில் வேரியன்ட் பார்த்துத்தான் வாங்கணும்.

எப்போ சரி?

ஆசையை விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் போலோ விற்பனை 2022-லேயே முடிஞ்சு போச்சு. இந்த மாதிரி வண்டிகளை ரசிச்சு ஓட்டினவங்க யாரும் அதை வீண் செலவுன்னு சொல்றதில்லை. கீழே இருக்கிறதெல்லாம் அமைஞ்சா தாராளமா வாங்குங்க:

- சொந்தமா ரெண்டு வருஷம் அல்லது 15,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கணும். மழையிலும் ராத்திரியிலும் ஹைவேயிலும்.
- கடன் இல்லாம வாங்க முடியணும். வாங்கின பிறகும் 1.5 லட்சம் காருக்குன்னு தனியா லிக்விட் ஃபண்டிலோ எஃப்டி-யிலோ இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்ட் இதில் சேராது.
- வண்டி ஒரு மாசம் வர்க்‌ஷாப்பில் நின்னாலும் ஆபீஸ் போக பைக்கோ மெட்ரோவோ இருக்கணும்.
- அந்த மாடலைத் தெரிஞ்ச மெக்கானிக்கை முதலில் பிடிங்க. கார் அப்புறம்.

கார் கன்சல்டிங்கில் பேரம் பேசுறதுக்கு முன்னாடி சில விஷயங்கள். முழு சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. ஸ்கேனர் போட்டுக் கியர்பாக்ஸ் எரர் கோடு பாருங்க. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஒரு தடவை, டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் ஓட்டின பிறகு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. டயர் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படிங்க. 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் தயாரானது. சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்னதா என்று சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. சேறும் துருவும் காட்டிக் கொடுக்கும்.

"ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணியிருக்கு சார், பறக்கும்" என்று சொன்னா, நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. பாலிசியில் தெரிவிக்காத மாற்றம் இருந்தா கிளெய்ம் சிக்கலாகும். ஆர்சி-யில் இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் தடுக்குது.

இன்னொண்ணு, ஆர்சி 15 வருஷத்துக்குத்தான். 2015 வண்டி 2030-ல் எஃப்சி காட்டி ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் கட்டணும். விற்கும்போது அடுத்தவர் இதையெல்லாம் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். வாங்கும்போது நீங்களும் சொல்லிக் குறைங்க.

சுருக்கமா சொன்னா, 4.5 லட்சம் அந்தக் காருக்குள் ஏறுறதுக்கான நுழைவுக் கட்டணம் மட்டும்தான். மாசா மாசம் கட்ட வேண்டிய கட்டணம் வேற இருக்கு. ரெண்டையும் கட்ட முடியுற நாளில் அந்தச் சிவப்பு ஜிடி, இல்லைன்னா அதைப்போல இன்னொண்ணு, எங்காவது விற்பனைக்கு இருக்கும். அதுவரைக்கும் ஒரு சாதாரண காரில் நல்லா ஓட்டப் பழகுங்க. மிச்சமாகிற 5,280-ஐ ஒரு ஆர்டி-யில் போட்டு, அதுக்கு "ஜிடி ஃபண்ட்" என்று பேர் வைங்க.

நீங்க என்ன கார் பார்த்து வச்சிருக்கீங்க? வருஷம், விலை, உங்க மாச பட்ஜெட் மூணையும் எழுதுங்க. அடுத்த வீடியோவில் ரெண்டு மூணு வண்டிகளுக்கு இதே மாதிரி கணக்கு போட்டுப் பார்ப்போம்.